மாமியாரை மறந்த திட்டமும் ஒரு முதுகலைப் படிப்பும்

வங்கதேசத்தில் 1995-ல் உலக வங்கியின் கடனுதவியோடு குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன்மாதிரி தமிழ்நாடு. 1980 முதல் இங்கே நடந்த ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்ட’த்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்களுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தந்த ஊரிலேயே வசிக்கும் ஒரு பெண்தான் பணியாளர். எடையைக் குறிக்கும் அட்டையில் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று தாயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். என்ன ஊட்டலாம், எப்போது ஊட்டலாம் என்ற பேச்செல்லாம் தாயிடம்தான் நடந்தது. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்ல, திட்டம் உலகப் புகழ் பெற்றது. அதே அச்சில் வார்த்ததுதான் வங்கதேசத் திட்டம். ஆனால் அங்கே எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தாய்மார்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. குழந்தைகளின் நிலையோ திட்டம் நடக்காத ஊர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு 2005-ல் இதற்கான காரணங்களை ஆராய்ந்தது. வங்கதேசக் கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு என்ன, எவ்வளவு என்று முடிவெடுப்பது மாமியார். திட்டம் பேசியதோ மருமகளிடம்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் ஏன் அவ்வளவாகத் தலைகாட்டவில்லை என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே பல வீடுகளில் மாமியார் என்பவர் அப்பாவின் உடன்பிறந்த அத்தை. தாய்மாமனைக் கட்டிக்கொண்ட வீட்டில் அவர் அம்மாவைப் பெற்ற பாட்டி. சொந்தத்தில் கட்டாத வீடுகளிலும் பிறந்த ஊர் பெரும்பாலும் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. கடைக்கும் சந்தைக்கும் பெண்களே போகிறார்கள். டிம் டைசன், மிக் மூர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரை, வட இந்தியாவுக்கும் தென்னிந்தியாவுக்கும் உள்ள இந்த உறவுமுறை வேறுபாட்டை எடுத்துக்கொண்டு, அது பெண்களின் சுதந்திரத்தையும் குழந்தை இறப்பையும் பிறப்பு விகிதத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று விவாதித்தது. இத்துறையில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. வங்கதேசத் திட்டம் தொடங்குவதற்கு 12 ஆண்டுகள் முன்பே அது அச்சில் இருந்தது. மாமியார் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. திட்டம் கொடுத்த உணவு வீட்டுச் சோற்றோடு சேராமல் அதற்குப் பதிலாகிவிட்டது என்பதும் ஒரு காரணம். ஆனாலும் நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவ அறிஞர் ஜெரமி ஹார்டியோடு சேர்ந்து 2012-ல் எழுதிய நூலில் இந்த ஒரு கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் பலித்தது என்பதற்குச் சான்று இருந்தது. எதன் மேல் நின்று பலித்தது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

சர்வதேச வளர்ச்சி, வளர்ச்சி ஆய்வுகள் என்ற பெயர்களில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுகலைப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்: ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்குமா என்பதை, பணத்தைக் கொட்டுவதற்கு முன்பே கேட்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். பொருளாதாரம் விலையையும் வருமானத்தையும் பார்க்கிறது. மானுடவியல் உறவையும் வழக்கத்தையும் பார்க்கிறது. அரசியல் படிப்பு யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. எடை அட்டையையும் மாமியாரையும் மாவட்ட அலுவலகத்தையும் ஒரே பார்வையில் பார்க்கப் பழக்குவது இந்தப் படிப்பு, அது ஒழுங்காக நடத்தப்பட்டால். ‘ஒழுங்காக நடத்தப்பட்டால்’ என்று சொல்வதற்குக் காரணம், இந்தப் படிப்புக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரு சமூகம் எப்படி மாறுகிறது என்ற ஆராய்ச்சி. மற்றது, பணக்கார நாடுகளின் உதவி நிறுவனங்களுக்கு அலுவலர்களைத் தயாரிக்கும் பயிற்சி. இரண்டாவது முகம் இப்போது வேகமாக மங்கிக்கொண்டிருக்கிறது. முதலாவதை அதோடு சேர்த்துப் புதைத்துவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு முகங்களும் ஒட்டிப் பிறந்தவை. அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1949 ஜனவரி 20 அன்று பதவியேற்று ஆற்றிய உரையில், பின்தங்கிய பகுதிகளுக்கு அமெரிக்காவின் அறிவியலும் தொழில்நுட்பமும் போய்ச் சேர வேண்டும் என்றார். உதவி என்பது ஓர் அரசுக் கொள்கையாகவும் தொழிலாகவும் வளர்ந்தபோது அதற்குப் பள்ளிக்கூடங்களும் தேவைப்பட்டன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952-லும், மான்செஸ்டரில் 1958-லும், சஸ்ஸெக்ஸில் 1966-லும் இதற்கான நிறுவனங்கள் தோன்றின. பிரிட்டனில் தொடக்க கால ஆசிரியர்கள் சிலர் காலனி நிர்வாகத்திலிருந்து வந்தவர்கள். பின்னாளில் சஸ்ஸெக்ஸின் புகழ்பெற்ற ஆசிரியராக விளங்கிய ராபர்ட் சேம்பர்ஸ், கென்யாவில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். ஆனால் அதே சஸ்ஸெக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் டட்லி சீயர்ஸ் 1969-லேயே ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார். ஒரு நாட்டின் வருமானம் உயர்ந்திருக்கலாம்; வறுமைக்கும் வேலையின்மைக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்த பிறகே அது வளர்ந்ததா என்று சொல்ல வேண்டும் என்றார் அவர். இரண்டு ஆண்டுகளில், 1971-ல், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷய்யா, மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாற்றில் இன்றும் அது இயங்குகிறது. இன்று பிரிட்டனில் ஓராண்டும் இந்தியாவில் இரண்டாண்டும் நடக்கும் முதுகலையில் வளர்ச்சிக் கோட்பாடுகள், ஆய்வு முறைகள், வேளாண்மை, புலப்பெயர்வு, பாலினம், பருவநிலை என்று விருப்பப் பாடங்கள், கடைசியில் ஓர் ஆய்வேடு என்பதுதான் பொதுவான வடிவம்.

வகுப்பறையில் இந்தப் படிப்பு தரக்கூடிய மிகச் சிறந்த பயிற்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால், ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற மானுடவியலாளர் லெசோத்தோவைப் பற்றி 1990-ல் வெளியிட்ட நூலைச் சொல்வேன். லெசோத்தோ, நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு. உலக வங்கியின் 1975-ஆம் ஆண்டு அறிக்கை, நவீனப் பொருளாதாரம் எட்டிப்பார்க்காத பழைய உழவர் சமூகமாக அதை வருணித்தது. உண்மையில் அந்த நாட்டு ஆண்கள் பல தலைமுறைகளாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கூலி வேலை பார்த்துவந்தார்கள். அந்தக் கூலியில்தான் கிராமத்து அடுப்பு எரிந்தது. இதைக் கணக்கில் எடுக்காமல், கனடாவின் பணமும் உலக வங்கியின் பணமும் சேர்ந்து தாபா-ட்செகா என்ற மலைப்பகுதியில் ஒரு வளர்ச்சித் திட்டம் நடந்தது. கால்நடைகளைச் சந்தைக்கேற்ப வளர்த்து விற்கப் பழக்குவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. வறட்சியில் மாடு மெலிந்து சாகும்போதுகூட இவர்கள் விற்க மறுக்கிறார்களே, இது என்ன மூடப் பழக்கம் என்று நிபுணர்கள் வியந்தார்கள். ஃபெர்குசன் அந்த ஊரில் தங்கி, வீட்டுக்குள் நடக்கும் பேச்சைக் கவனித்தார். ரொக்கமாக வந்த பணத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்குண்டு, கேட்டு வாங்கலாம். அதையே மாடாக மாற்றிவிட்டால் அது ஆணின் சொத்து. கடும் நெருக்கடி வந்தாலொழிய விற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். சுரங்கத்தில் உடம்பு தளர்ந்து ஊர் திரும்பும் நாளுக்கான சேமிப்பு அது. அதுவரை அந்த மாட்டை அக்கம்பக்கத்தாருக்கு உழவுக்கும் பாலுக்கும் கொடுத்து வைப்பதால், ஊரில் இல்லாத காலத்திலும் ஊரில் ஓரிடம் அவனுக்கு இருக்கும். இந்த வழக்கத்தால் ஆதாயம் அடைந்தவர்கள் ஆண்கள், அதிலும் மூத்தவர்கள். பெண்கள் இதைக் கேள்வி கேட்கவே செய்தார்கள். மாட்டைச் சுற்றி ஒரு குடும்பச் சண்டையே நடந்துகொண்டிருந்தது. நிபுணர்கள் கண்ணுக்கு அது அறியாமையாகத் தெரிந்தது. நல்ல இன மாடுகளுக்கென்று திட்டம் வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தின் வேலியை ஊரார் அறுத்தார்கள். வேளாண் நோக்கம் தோற்றது. அதற்காகப் போட்ட சாலையும் கட்டிய அலுவலகங்களும் மட்டும் நின்றன; அரசின் கை அந்த மலைக்குள் முன்பைவிட ஆழமாக நீண்டது.

இப்படிப்பட்ட தோல்விகளை அடுக்கிக்கொண்டே போகிற துறையை எதற்காகப் படிக்க வேண்டும், அந்தத் துறையே குற்றவாளியல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கொலம்பியாவில் பிறந்த மானுடவியலாளர் அர்துரோ எஸ்கோபார் 1995-ல் எழுதிய நூலின் சாரம் ஏறக்குறைய அதுதான்: ‘மூன்றாம் உலகம்’ என்ற ஒன்றைக் கட்டமைத்து, அதை நோயாளியாகப் படுக்கவைத்து, மருத்துவராகத் தன்னை நியமித்துக்கொண்டது இந்தத் துறை. குற்றச்சாட்டில் பெரும்பகுதி உண்மை. ஆனால் எஸ்கோபாரும் ஃபெர்குசனும் இன்று இந்தப் படிப்பின் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். தன் வேரையே தோண்டிப் பார்க்க மாணவரை அனுமதிக்கும் படிப்பு மதிப்புள்ளது. சேம்பர்ஸ் செய்ததும் அதைத்தான். 1970-களில் தமிழ்நாட்டின் அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில் பசுமைப் புரட்சியைப் பற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவர் அவர். 1983-ல் வெளிவந்த அவருடைய நூல், வறுமையைப் பார்க்கப் போகிறவர்கள் எதைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்று பட்டியலிட்டது. தார்ச்சாலை போகும் ஊருக்கே ஜீப் போகிறது. அறுவடை முடிந்து வெயில் அடிக்கும் மாதங்களில் போகிறார்கள். பசியும் காய்ச்சலும் கடனும் சேர்ந்து வரும் மழைக்காலத்தில் போவதில்லை. பேசுவது ஊர்ப் பெரியவர்களோடும் ஆண்களோடும்தான். திண்ணைக்கு வர முடியாதவர் அறிக்கைக்குள்ளும் வருவதில்லை. இதைப் படித்த பிறகும் பல துறைகள் ஓராண்டின் பெரும்பகுதியை ‘லாக்ஃபிரேம்’ என்கிற திட்ட அட்டவணையை நிரப்பக் கற்றுக்கொடுப்பதில் கழிக்கின்றன என்பது வருத்தமான செய்தி.

வலுவான இன்னோர் எதிர்வாதம் பொருளாதார வல்லுநர்களிடமிருந்து வருகிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குத் திட்டத்தைக் கொடுத்து, சில ஊர்களுக்குக் கொடுக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிடுவது இவர்கள் பரப்பிய முறை. கதை சொல்வதை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள் என்பது இவர்கள் வாதம். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. வறுமைக்கு அருமருந்து என்று உலகமே கொண்டாடிய நுண்கடனை இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, எத்தியோப்பியா, மங்கோலியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் இப்படிச் சோதித்தார்கள். 2015-ல் வெளியான முடிவுகள், ஏழைகளின் வாழ்க்கையை அது தலைகீழாக மாற்றிவிடவில்லை என்று காட்டின. களத்தில் எத்தனை கதைகளைச் சேகரித்தாலும் இந்த அளவுக்கு உறுதியாக அதைச் சொல்லியிருக்க முடியாது. தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டத்தையே எடுத்துக்கொண்டால், அது நடந்துகொண்டிருந்த 1982-ல்தான் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டமும் வந்தது; எந்தத் திட்டத்தால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. அளவீடு தெரியாத வளர்ச்சி மாணவர் அரைகுறைதான். ஆனால் குலுக்கல் சோதனை, நடந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். அடுத்த நாட்டில் சமையலறைச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே புள்ளியியலைத் தவிர்ப்பதற்காக இந்தப் படிப்புக்கு வருகிறவர்களும் தவறு செய்கிறார்கள். புள்ளியியலே போதும் என்று இதை ஒதுக்குகிறவர்களும் தவறு செய்கிறார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி இவற்றைவிட நேரடியானது: வேலை கிடைக்குமா? பழைய பதில் இன்று செல்லாது. 1961-ல் கென்னடி காலத்தில் பிறந்த அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட், 2025 ஜூலை 1 அன்று தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்பே அதன் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்துவிட்டதாக வெளியுறவு அமைச்சர் அறிவித்திருந்தார். பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 2021-ல் 0.5 ஆகக் குறைத்தது, 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் சொன்னது. உதவிக்கென்றே இருந்த தனி அமைச்சகம் 2020-லேயே வெளியுறவுத் துறையில் கரைக்கப்பட்டுவிட்டது. ஆப்பிரிக்காவில் எச்ஐவி சிகிச்சை போன்ற உயிர்காக்கும் பணிகளே இதனால் தடைபட்டன. அந்தக் கொடுமைக்கு முன்னால் பட்டதாரிகளின் வேலை இழப்பு சின்ன விஷயம். ஆனாலும் இதை வைத்து வளர்ச்சிப் படிப்பு முடிந்தது என்று சொல்வது, வளர்ச்சி என்றால் வெளிநாட்டுப் பணம் என்று நினைப்பதால் வரும் பிழை. இந்தியப் பொருளாதாரத்தில் வெளிநாட்டு உதவியின் பங்கு மிக மிகச் சிறியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும், 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் மாநிலக் கருவூலத்திலிருந்து போகும் பணம். இவ்வளவு பெரிய திட்டங்களை வடிவமைக்கவும், கண்காணிக்கவும், பயன் யாருக்குப் போகவில்லை என்று கண்டுபிடிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் தேவை. மாநிலத் திட்டக் குழு, முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், மகளிர் மேம்பாட்டு நிறுவனம், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் என்று வாய்ப்புகள் இருக்கின்றன. சம்பளம் ஐ.டி. துறையோடு ஒப்பிடத் தக்கதல்ல.

அதனால்தான் கடன் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு இந்த ஓராண்டுப் படிப்பின் கட்டணம் மட்டுமே பெரும்பாலும் 20,000 பவுண்டைத் தாண்டும். லண்டனில் வாழும் செலவு தனி. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, உதவி நிறுவன வேலையை நம்பிப் போவது இன்றைய நிலையில் ஆபத்து. செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனமும் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் தரத்தில் குறைந்தவை அல்ல. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றோருக்காக ஒன்றிய அரசு தரும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகளில், இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுகளுக்கும் வரலாறு, பண்பாட்டுப் பாடங்களுக்கும் இடமில்லை என்று 2022-ல் எழுதப்பட்டது. சேரியிலிருந்து வந்து, சேரியின் நிலவுரிமையை ஆராய விரும்பும் ஒரு மாணவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஓரிடத்தை உள்ளிருந்து அறிந்தவர்களே இந்தத் துறைக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் எடுக்கப்பட்ட அநீதியான முடிவு அது.

உள்ளிருந்து அறிந்தவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சான்று இங்கேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குப் போய் விவரம் சேகரித்துவரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களைப் பற்றி மாணவர்கள் கொண்டுவந்த குறிப்புகள் 1918-ல் நூலாயின. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார்கள். 1980-களில் எஸ். குகன் முன்னின்று சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அந்த வேலையைத் தொடர்ந்தது. 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குத் திரும்பப் போனார்கள். நிலக்கிழாரின் பிடி தளர்ந்திருந்ததையும், ஒருகாலத்தில் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்த தலித் மக்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும், அந்த மாற்றம் எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றுவிட்டது என்பதையும் அவர்களால் எழுத முடிந்ததற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க 1916-ன் ஏடு கையில் இருந்தது. மூவரில் ஜெயரஞ்சன் 2021-ல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார்.

இன்று முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர் இதுபோன்ற ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், முந்தையவர்களில் பெரும்பாலோர் கேட்டிருக்க முடியாத கேள்விகள் காத்திருக்கின்றன. வங்கிக் கணக்கில் விழும் உரிமைத் தொகையை எடுக்கும் ஏடிஎம் அட்டை வீட்டில் யாரிடம் இருக்கிறது? நூறு நாள் வேலைக்குப் போன பெண்ணின் கூலி, நடவுக்கூலியை எவ்வளவு உயர்த்தியது? பீகாரிலிருந்து வந்து நாற்று நடும் குழுவினர் எங்கே தூங்குகிறார்கள், அவர்களுடைய குழந்தைகளை எந்த அங்கன்வாடி எடைபோடுகிறது? இவற்றுக்கு விடை காண மழைக்காலத்தில் அங்கே தங்க வேண்டியிருக்கும்.